மார்ல்விக் குளக்கரையில் நின்றவர்கள்

தேவாலய வாசலில் ஆள் யாருமில்லை. படிக்கட்டில் நிழல் மட்டும் விழுந்திருந்தது, ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியின் நிழல்.

நூர் அகமது கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இங்கிலாந்தில் மார்ல்விக் என்றொரு குக்கிராமம். அதைப் பற்றிய சுற்றுலா சிடிக்காக, படங்களில் குறுக்கே நிற்கும் மனிதர்களை அழிப்பதுதான் சன்னிவேலில் அவன் வேலை. எண்ணூறு வருடத் தேவாலயம், கல் பாலம், கொள்ளைநோய்க் காலத்தில் ஊரார் காசை வைத்துவிட்டு ரொட்டி எடுத்துப்போன குழிக்கல் எல்லாம் ஆளில்லாமல் அம்சமாக இருந்தன.

முன்பே முடித்த குளக்கரைப் படத்தில் ஒருவன், ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியின் கையைப் பிடித்திருந்தான். இருவரையும் அழித்துப் புல்லை நிரப்பிய நூர், அவசரத்தில் ஒரிஜினல் மேலேயே சேவ் செய்து தொலைத்தான். போன வாரம் புகைப்படக்காரர் போன் செய்தார். படமெடுத்த அன்று அந்த ஊரில் ஒரு குழந்தை காணாமல் போயிருக்கிறதாம். அவரிடம் வேறு பிரதி கிடையாது; குளக்கரையில் யாராவது இருந்தார்களா என்று கேட்டார்.

"குளக்கரைல யாருமே இல்ல" என்றுவிட்டான்.

மனைவி தாஜ் நிஷா விடவில்லை. "சொல்லிடுங்க. அந்த ஆளோட முகம் ஞாபகம் இருக்குல்ல?"

"ஒரிஜினல அழிச்சேன்னு தெரிஞ்சா வேலை போயிடும். கிரீன் கார்டு வரட்டும், சொல்றேன்."

"நம்ம ரிதாவா இருந்தா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நிழலை அழித்துவிட்டுப் பாலத்தின் படத்தைத் திறந்தான். பக்கத்து வீட்டு ஸ்பிரிங்க்ளர் சிக்சிக்கென்று சுற்றிக்கொண்டிருக்க, சமையலறையில் வதங்கும் வெங்காய வாசனையையும் மீறி எங்கிருந்தோ பாசி பிடித்த தண்ணீரின் வாடை அறைக்குள் வந்தது. பாலத்திலும் அதே நிழல். யாரோ இழுப்பதுபோல் ஒரு கை நீண்டிருந்தது. குழிக்கல் படத்தில் அது காமிராவுக்கு வெகு அருகில் வந்துவிட்டது.

அடுத்த படம் குளக்கரை. அதில் நிழல் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. ஒரு நொடிதான். அப்புறம் அது எங்கே போனது என்ற கேள்வி வந்தது.

பேக்யார்டில் மகள் ரிதாவின் பந்துச் சத்தம் நின்றிருந்தது.

"ரிதா!"

"ஒன் மினிட், அத்தா! ஹி இஸ் ஷோயிங் மீ சம்திங்."

போனை எடுத்தான். சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு ஓடினான்.

சாயங்கால வெயில். காலிப் புல்தரை.

அதன்மேல் மூன்று நிழல்கள் வேலியை நோக்கி நடந்துகொண்டிருந்தன. நடுவில் ஓர் ஆள். அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்தபடி இரண்டு சிறுமிகள்.