இடப்பக்கத் தட்டு

மட்கார்டில் ஸ்பேனரால் ஒரு தட்டு கேட்டது. லாரியின் டிரைவர் சீட்டில் இருந்த ஜெயஷீலா காலடியில் இருந்த இரும்புக் குமிழை மிதித்தாள். ஸ்டார்ட்டர் மோட்டார் முக்கி முனகிச் சுற்றியது. உடனே ரெண்டு தட்டு, அவசரமாக. காலை எடுத்தாள். தூக்கி நிறுத்தியிருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் சாமுவேல்ராஜ் சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு வந்தான்.

“எதுக்குட்டி மிதிச்ச? நான் தட்டவே இல்லயே.”

“தட்டுச்சே. கேட்டுதான மிதிச்சேன்.”

“எஞ்சின் ஃபேன்ல கையே போயிருக்கும்.” விரலை உதறிவிட்டு, கழுத்துத் துண்டால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதல் தட்டு வண்டியின் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அவன் நின்றதோ வலப்பக்கம்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஹரிஹரசுதனின் அப்பா காலத்து, பெட்ரோலில் ஓடும் லாரி அது. கழுகுமலை ரோட்டில், மூடிக்கிடந்த அவருடைய பழைய யூனிட்டுக்குப் பின்னால், கரிசலில் டயர் புதைய நின்றது. இதற்கு முன் மூன்று மெக்கானிக்குகள் பாதியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் என்று முதலாளியும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. யாரும் முடிக்காததை முடிப்பதில் சாமுவேல்ராஜுக்கு ஒரு வீம்பு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை என்று அவள் அப்போதே சொன்னாள்.

கோளாறு பெட்ரோல் பம்பில். எஞ்சினின் வலது விலாவில் ரெண்டு போல்ட்டில் தொங்குகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்தான். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி மேலே கார்புரேட்டருக்குத் தள்ள வேண்டும். உள்ளே இருந்த பழைய ரப்பர் தொட்டதுமே அப்பளமாக நொறுங்கியது. காலையிலிருந்து உட்கார்ந்து புது ரப்பரும் வால்வும் ஸ்பிரிங்கும் மாற்றிப் பூட்டிவிட்டான். இனி சோதிப்பதுதான் பாக்கி. மேலே போகும் குழாயைக் கழற்றி அவன் பாட்டிலுக்குள் பிடிப்பான். அவள் மிதித்தால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும்.

பட்டறை இரைச்சலில் அவன் காது பாதி போயிருந்தது. அதனால் அவர்களுக்குள் தட்டுதான் பேச்சு. ஒன்று என்றால் மிதி, ரெண்டு என்றால் விடு. பானட் கண்ணாடியை மறைத்துக்கொள்ளும், முகம் தெரியாது, ஆனாலும் இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவன் கை நல்லபடியாக இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும், அது அவளுக்குத் தெரியும். அவன் தட்டாமல் மிதிக்கவே மாட்டாள்.

மறுபடி தட்டு. இடப்பக்கம்.

அவள் மிதிக்கவில்லை. பெடலுக்குப் பக்கத்தில் தகடு கழன்ற இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தாள். எஞ்சினின் வலப்பக்கத்தில் அவன் கைகள் தெரிந்தன. ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் குழாய். ரெண்டு கையும் வேலையாக இருக்கும்போதே இடப்பக்கம் இன்னொரு தரம் தட்டியது. அவசரம் இல்லை. காத்திருந்து, நிதானமாக, அவன் எப்படித் தட்டுவானோ அப்படியே.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டு எங்கே இருந்தது? உச்சி வெயில். வெடித்த கரிசலிலிருந்து கானல் எழும்பி, தூரத்து உடைமரங்களை ஆட்டிக்கொண்டிருந்தது. கேபினுக்குள் பெட்ரோல் வாடையும் காய்ந்த சீட்டு நாரின் புழுக்கமும், அவற்றுக்கு அடியில் நனைந்த மண்ணின் வாடையும் இருந்தன. இந்தப் பக்கம் மழை பெய்து மாதக்கணக்காகிறது.

சாமுவேல்ராஜ் அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தான். ரெண்டு விரல் அகலத்துக்கு மேல் அது இறங்காது.

“வெயில்ல பம்பு சூடாயிட்டு. துணிய நனைச்சுட்டு வாரேன், சுத்திவிட்டாதான் பெட்ரோல் ஏறும்.”

“ஏங்க, கதவத் தொறந்துவிட்டுட்டுப் போங்க.”

காதில் விழவில்லை. யூனிட்டின் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்துவிட்டான். அவள் பக்கத்துக் கதவுக்கு உள்ளே கைப்பிடி இல்லை, வெளியே இருந்துதான் திறக்க வேண்டும். இடது கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. வெயிலில் அவன் முதுகு சிறுத்துக்கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு. இப்போது மட்கார்டில் இல்லை. இடது கதவில்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கர்த்தரே, கர்த்தரே என்று உதடு மட்டும் அசைந்தது. கதவில் கட்டியிருந்த கம்பி மெல்ல முறுக்கிக்கொள்ளும் சத்தம். பிறகு அது நின்றது. எல்லாம் நின்றது. ஈ கூடப் பறக்கவில்லை.

அவளுக்கு இடப்பக்கத்தில் சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

சீட்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. ஈர மண் வாடை அவள் தோளுக்கு வந்தது.

அவள் கத்தினாள். கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தாள். ஈரத்துணி சொட்டச் சொட்ட சாமுவேல்ராஜ் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவள் வாய் அசைவதைப் பார்த்தான், வெக்கை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. சிரித்தான்.

“ஒரே ஒரு தடவ ஷீலா. இந்தா முடிஞ்சிட்டு. தட்டுனதும் மிதி.”

“வேண்டாங்க. கிட்ட போகாதீங்க. துண்டயாவது எடுத்துப் போடுங்க.”

அவன் பானட்டுக்குப் பின்னால் போய்விட்டான். துண்டு கழுத்தில்தான் இருந்தது.

அவள் சாவியைப் பிடுங்கினாள். பிடுங்கி என்ன செய்ய? இந்தக் காலத்து வண்டியா இது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குமிழை மிதித்தால் மோட்டார் சுற்றும். ரெண்டு காலையும் தூக்கிச் சீட்டில் மடித்து வைத்துக்கொண்டாள். யார் தட்டினாலும் சரி. மிதிக்க ஆள் இல்லை. மிதிக்காமல் எதுவும் நடக்காது.

இடைவெளியில் அவன் கைகள் தெரிந்தன. துணியைப் பம்பில் சுற்றின. குழாய் பாட்டிலுக்குள் போனது. அவன் நன்றாகக் குனிந்தான். துண்டின் முனை ஃபேனுக்கு மேலே தொங்கியது.

யாரும் தட்டவில்லை.

குமிழ் இறங்கியது.

மெல்ல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. முழுசாக.

மோட்டார் முக்கியது. ஃபேன் சுற்றியது. துண்டு அதில் சிக்கி விறைத்தது. பாட்டில் உடைந்தது.

ரெண்டு தட்டு. விடு. ரெண்டு தட்டு. விடு, விடு.

“நான் மிதிக்கலங்க. நான் இல்ல.”

அவள் கீழே விழுந்து குமிழின் விளிம்புக்கடியில் விரல்களை நுழைத்தாள். நகம் பிய்ந்தது. இழுத்தாள். அசையவில்லை. முன்னால் ரெண்டு தட்டு. அப்புறம் ஒன்று, பலமில்லாமல். அதற்கு மேல் இல்லை. மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய பத்து விரல்களின் மேலும், ஈரமாக, ஒரு வெறுங்காலின் பாரம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.