காயாத தோல்

மூன்று நாள் வெயிலில் வைத்தும் அந்தத் தோல் காயவில்லை.

தலைக்கவசத்தின் உள்ளே, தலையைச் சுற்றிப் பிடிக்கும் தோல் பட்டையை உதயரூபன் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். ஈரம். வாவித் தண்ணீரின் ஈரமென்றால் குளிர்ந்திருக்க வேண்டும், சேறு மணக்க வேண்டும். இது இளஞ்சூடாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது போலிருந்தது.

அவன் மட்டக்களப்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞன். தேற்றாத்தீவில் வீடு. பழைய போர்த் தலைக்கவசங்கள் சேர்ப்பது அவனுடைய பைத்தியம். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் போட்ட, சோற்றுத் தட்டைக் கவிழ்த்தது போன்ற தொப்பி, காத்தான்குடிப் பழைய இரும்புக் கடையில் கச்சி முகம்மது அவனுக்கென்றே ஒதுக்கி வைத்தது. இன்னொன்றின் நெற்றியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. மற்றொன்றின் உள்ளே ஆணியால் கீறிய ஒரு பெண்ணின் பெயர். எல்லாம் முன்மண்டபத்துச் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே வரிசையாக இருந்தன. எதை எந்த நாட்டில், எந்தப் போருக்குச் செய்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அவனால் சொல்ல முடியும்.

இதற்கு மட்டும் முடியவில்லை. முத்திரை இல்லை, இலக்கம் இல்லை. வாவியில் வலை வீசும் நல்லரத்தினம் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தபோதே அவனுக்கு அது விளங்கிவிட்டது.

"வலையில வந்த சாமான், அண்ணன். உங்கட விசர் தெரிஞ்சபடியா கொண்டு வந்தன். இல்லாட்டி திருப்பி எறிஞ்சிருப்பன்."

"தண்ணிக்குள்ள கிடந்தது எண்டுறாய். பாசி ஒண்டும் பிடிக்கல்லயே."

"அதான் எனக்கும் மனசுக்குச் சரியில்ல," என்றான் நல்லரத்தினம். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டான்.

உதயரூபனின் மனைவி தக்ஷாயினி இவற்றில் எதையும் தொடுவதில்லை. தூசு தட்டும்போதுகூட அந்தச் சுவரை விட்டுவிடுவாள். "ஆர்ர தலையில இருந்ததெண்டு தெரியாம வீட்டுக்குள்ள வெச்சிரிக்கீங்க," என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். அதற்கு மேல் சண்டை பிடிக்க மாட்டாள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அவளுடைய குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவன்தான் அவளைக் கெஞ்சினான். இணையத்தில் இருக்கும் சேகரிப்பாளர்களிடம் காட்டிக் கேட்கப் படம் வேண்டும். தலையில் வைத்து எடுத்தால்தான் அளவு தெரியும். அவனுடைய தலைக்கு அது இறங்கவில்லை.

"ஒரே ஒரு படம், புள்ள. எடுத்த உடன கழட்டிரு."

அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது போலச் சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவன் அதை அவள் தலையில் வைத்தான். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. தாடைப் பட்டியை அவன்தான் மாட்டினான். கொளுக்கி விழுந்தபோது 'சடக்' என்ற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

படம் எடுத்தான். "சரி, கழட்டு."

"இரிக்கட்டும்," என்றாள் தக்ஷாயினி. "பாரமே தெரியல்ல."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் படங்களைப் பெரிதாக்கி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே வாவிப் பக்கமிருந்து மாரி மழை எழும்பி வந்து, தென்னைகளைக் குனிய வைத்து, குசினித் தகரக் கூரையில் முதலில் தனித்தனியாகவும் பிறகு ஒரே இரைச்சலாகவும் விழுந்தது. மின்சாரம் நின்றது. வீட்டுக்குள் ஈரச் சாம்பல் போன்ற வெளிச்சம் பரவியது. மழைக்கு நடுவே குசினியில் மீன் வெட்டும் கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டபடி இருந்தது. வெட்டுவதற்கு அவ்வளவு மீன் வீட்டில் இல்லை என்பது அவனுக்குப் பிந்தித்தான் உறைத்தது.

எட்டிப் பார்த்தான். பலகையில் மீன் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. செதிலும் முள்ளும் கூழாகிக் கிடந்தன. அவள் இரும்புத் தொப்பியோடு குனிந்து நின்று அதே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கையின் விரல் நுனி ஒன்று கூழுக்குள் கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தக்ஷா. கை. கையப் பாரு."

"ஓம்," என்றாள். கத்தியை வைத்துவிட்டுப் பின்கதவால் மழைக்குள் இறங்கினாள்.

அவன் துணி தேடி எடுத்துக்கொண்டு ஓடினான். வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கம், மழைக்கு ஒதுங்கும் தெருநாய் ஒன்று அவளைப் பார்த்து மயிர் சிலிர்க்கக் குரைத்துக்கொண்டிருந்தது. தினமும் அவளே சோறு வைக்கும் நாய். அவள் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். கோபம் எதுவும் இல்லாமல், அடுப்புக்கு விறகு கொத்துவது போல, ஒரே போடு. நாயின் கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடின.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். 

அவள் நாயைத் தாண்டிப் போய், மாமரத்துக்கு அருகே மணலைக் கொத்தத் தொடங்கினாள். கொத்தி, இழுத்து, ஓரத்தில் அணை போட்டாள். மணல் மண். கெதியாக இறங்கியது. விரல் வெட்டுப்பட்ட கையால் பிடித்ததில் மண்வெட்டிப் பிடி சிவந்து, மழையில் கழுவுண்டு, மறுபடி சிவந்தது.

"என்ன செய்யிறாய்?" என்று கத்தினான். மழையில் அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் திரும்பவில்லை. ஆனால் அவளுடைய குரல் காதருகே பேசியது போலத் தெளிவாக வந்தது.

"பங்கர். மூண்டு பேருக்குக் காணும்."

மூன்று பேர். மகள் கஜானி. மட்டக்களப்பில் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள்.

அவன் உள்ளே ஓடி அலைபேசியை எடுத்தான். விரல் வழுக்கியது. இரண்டாவது முறைதான் அழைப்பு போனது.

"அப்பா, செட்டிபாளையம் தாண்டிற்று. குடை கொண்டு வாறீங்களா?"

"இறங்காத மனே. களுவாஞ்சிகுடிக்குப் போ. மாமாட வீட்ட போ."

"என்ன? கேக்கல்லப்பா. மழை."

"வீட்ட வராத. அம்மாக்கு..."

தொடர்பு அறுந்தது. மறுபடி எடுத்தான். போகவில்லை.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் கல்யாண வீடொன்றுக்குப் போயிருந்தார்கள். வீதிக்கு ஓடி மகளை மறிக்கலாம். ஆனால் இவளை இப்படி விட்டுவிட்டா? இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சனியனை மாட்டியதும் அவன்தான். கழற்றினால் போதும் என்று நினைத்தான். கழற்றினால் அவள் பழையபடி அவளாகிவிடுவாள்.

கருவிப் பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான். குழி இடுப்பளவு போயிருந்தது. அடியில் கலங்கல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவள் அணைமேட்டில் முழங்காலிட்டு மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் பின்னாலிருந்து அவளுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தினான்.

பட்டியைக் காணவில்லை.

விரலால் தடவினான். தாடைக்குக் கீழே தோல் ஒரு கோடாகப் பிளந்திருந்தது. பட்டி அதற்குள் போயிருந்தது. கொளுக்கியின் விளிம்பு மட்டும் சதைக்குள் பல் போலத் தெரிந்தது. அது சூடாக இருந்தது. துடித்தது.

"நோகுதா புள்ள," என்றான். அழுதுகொண்டிருந்தான்.

"இல்ல," என்றாள். "நீங்க முதல்ல இறங்குங்க. வந்திட்டாங்க."

"ஆரு?"

 அவன் குறட்டைக் கொளுக்கியில் கொடுத்து இழுத்தான். இரும்புக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அவளுடைய வாய் மூடித்தான் இருந்தது.

மண்வெட்டி அவனுடைய முழங்காலில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் முதலில் கேட்டது. நோவு பிறகு வந்தது. விழுந்தான். தவழ்ந்தான். மணலை வாரிப் பிடித்தான். இரண்டாவது அடி தாடையில். பற்கள் நாக்கில் உதிர்ந்தன. வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. அவள் அவனுடைய கொலரைப் பிடித்து இழுத்தாள். மா மூட்டையை இழுப்பது போல இலேசாக இழுத்தாள். குழிக்குள் உருட்டினாள்.

தண்ணீர். மணல். மேலே நீளமாகச் சாம்பல் வானம்.

அவள் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். தொப்பியின் நிழலில் கண்கள் தெரியவில்லை. "சத்தம் போடாதீங்க," என்றாள், வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வது போல. "தலைய உயர்த்தாதீங்க."

தெருவாசல் படலை திறந்தது. தகரம் சீமெந்தில் உரசும் சத்தம்.

"அம்மா. நனைஞ்சு போனன். குடை கொண்டு வரல்லயா நீங்க?"

அவன் கத்தினான். தாடை அசையவில்லை. தொண்டையில் இரத்தம் கொப்பளித்தது. ஓடு என்று நினைத்தான். ஓடு மனே. நினைப்பு மட்டும்தான்.

"இஞ்சால வா மனே," என்றாள் தக்ஷாயினி. "கோடிக்கு வா."

செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றி வந்தது. சரக், சரக். மழையில் நனைந்த செருப்பு. குழியின் அந்தக் கரையில் மகளின் பாவாடை நுனி தெரிந்தது. அது அசையாமல் நின்றது.

"அம்மா? இது என்ன?"

"பயப்பிடாத. உனக்குத்தான் வெச்சிருந்தன்."

அவள் இரண்டு கைகளையும் தாடைக்குக் கொண்டுபோனாள். விரல்களைச் சதைக்குள் விட்டுக் கொளுக்கியை நெம்பினாள்.

சடக்.

தொப்பியை மெல்ல உயர்த்தினாள். நிறைகுடத்தைத் தூக்குவது போல, உள்ளே இருந்தது சிந்தாமல் உயர்த்தினாள். மழை அவளுடைய முகத்தில் விழுந்தது. அதே முகம். அவனுக்கு விட்டுக்கொடுத்த அதே சிரிப்பு. புருவங்கள் இருந்தன. புருவங்களுக்கு மேலே எதுவும் இல்லை. மழை நேராக உள்ளே விழுந்து, நிரம்பி, காதோரமாகச் சிவப்பாக வழிந்தது.

அவள் தொப்பியை இரண்டு கையாலும் மகளிடம் நீட்டினாள்.

"குனி, மனே."