டிவியில் வராத ரயில்கள்

சுண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பிறந்த அன்று அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள், வெகுநேரம் விடவே இல்லையாம். அன்றிலிருந்து வீட்டில் அவள் சுண்டு. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் முழுப் பெயர். அங்கேயும் பாதிப் பேர் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு. அப்பா ஒரு கடையில் மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். ஊரில் எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும்படி செய்து கொடுப்பார். அவருடைய கண்ணாடியில் மட்டும் எப்போதும் விரல் ரேகை படிந்திருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிலும், அடிபட்டவர்கள் முதலில் வந்து சேரும் அவசரப் பிரிவில்.

தினமும் காலையில் அப்பாவும் பிள்ளைகளும் ரயிலில் போவார்கள். ஆறாவது நிலையத்தில் பள்ளிக்கூடம். அவர்கள் இறங்கிக்கொண்டதும் அப்பா இன்னும் ஒரு நிலையம் போவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டுவுக்கு ஒரு வேலை உண்டு. அந்த வாரம் அவசரப் பிரிவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதனால் வந்தார்கள் என்று அம்மா ஒரு தாளில் குறித்து எடுத்து வருவார். அதில் யாருடைய பெயரும் இருக்காது. வயதும் காயமும் மட்டும்தான். அம்மா வாசிக்க வாசிக்க சுண்டு கோடு போடுவாள். இருசக்கர வண்டிக்கு ஒரு கட்டம், காருக்கு ஒன்று, வழுக்கி விழுந்தவர்களுக்கு ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று, நாய்க்கடிக்கு ஒன்று. கடைசியில் 'மற்றவை'. சுண்டுவுக்குப் பிடித்தது 'மற்றவை'தான். மூக்குக்குள் பட்டாணியைப் போட்டுக்கொண்ட பையன் அந்தக் கட்டத்தில்தான் வந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைவில் இருந்த வேறொரு நகரத்தில் யாரோ ரயிலில் குண்டு வைத்துவிட்டார்கள். பதினோரு பேர் இறந்துபோனார்கள்.

வேலை முடிந்து வந்த அம்மா உடைகூட மாற்றாமல் டிவி முன்னால் நின்றார். உடைந்த ஜன்னல்கள், ஒற்றைச் செருப்பு, கரும்புகை. "பாவம், அங்க இருக்கற நர்ஸுங்க இன்னைக்கு என்ன பாடு படறாங்களோ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளும் டிவியில் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். தம்பி தரையில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் சுண்டுவிடம் வந்து ரகசியம்போலச் சொன்னான்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் ஒம்போது ரயில் வெடிச்சிடுச்சு."

சுண்டுவுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது. டிவியில் புகை வரும்போதெல்லாம் அவன் ஒரு விரலை மடக்கியிருக்கிறான்.

"அது ஒரே ரயில்தாண்டா. அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டறாங்க."

"அப்ப மத்த ரயில் எல்லாம்?"

மற்ற ரயில்கள் எல்லாம் வழக்கம்போலப் போய்ச் சேர்ந்துவிட்டன என்றாள். அவன் நம்பவில்லை. அவற்றை டிவியில் காட்டவே இல்லையே என்று கேட்டான்.

அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டார். இனி யாரும் ரயிலில் போக வேண்டாம். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடட்டும். ஸ்கூட்டருக்கு அது ரொம்ப தூரம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஊரில் நிறையப் பேர் அதே முடிவைத்தான் எடுத்திருந்தார்கள். ரயில்கள் பாதி காலியாக ஓடின. சாலையில் எள் விழ இடமில்லை. பழைய ஸ்கூட்டர்களை எல்லாம் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்கள். பல மாதமாக வண்டி ஓட்டாதவர்கள் எல்லாம் ஓட்டினார்கள். அப்பாவுக்கு முன்னால் தம்பி நின்றான். பின்னால் சுண்டு இரண்டு புத்தகப் பைகளுடன் உட்கார்ந்தாள். இருந்த ஒரே ஹெல்மெட் அப்பாவின் தலையில்.

அம்மா வேலையிலிருந்து வரும் நேரமும் மாறிப்போனது. ஆறு மணிக்கு வருபவர் எட்டு மணிக்கு வந்தார். கூட்டம் தாங்கவில்லை என்பார். சாப்பிடும்போதே கண் சொருகும்.

அடுத்த வாரம் முழுக்க இப்படியே போனது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை சுண்டு கோடுகளை எண்ணினாள். இருசக்கர வண்டிக் கட்டத்தில் ஐம்பத்திரண்டு. போன வாரத் தாளில் முப்பத்தெட்டுதான் இருந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். ஐம்பத்திரண்டேதான். அம்மாவிடம் காட்டலாம் என்று திரும்பினாள். அம்மா மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சுண்டு விளக்கை அணைத்துவிட்டு, தாளை மடித்து வைத்தாள்.

அதே வாரம் தம்பியின் பாடு வேறு. அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரியும். முன்பெல்லாம் ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டுபவன், இப்போது சத்தம் கேட்டாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

சுண்டு யோசித்தாள். அவனைத் திட்டினால் இன்னும் பயப்படுவான். பயப்படாதே என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. கடைசியில் ஒரு பழைய நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவனை மாடிக்குக் கூட்டிப்போனாள். டிவியில் காட்டாத ரயில்களை தினமும் சாயங்காலம் நாமே பார்த்து எழுதலாம் என்றாள். முழுசாகப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே.

முதல் வண்டி வந்தபோது அவன் காதைப் பொத்திக்கொண்டான். இரண்டு கையும் காதில் இருக்க, பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு ஒரு காதை மட்டும் திறந்துவிட்டு ஒரு கோடு போட்டான். மூன்றாம் நாள் இரண்டு காதும் திறந்துவிட்டன. அந்த வாரம் முடிவதற்குள் வண்டி ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அவனுக்குக் கோபம் வந்தது.

மறு வாரம் திங்கட்கிழமை காலையில் தூறல். பெரிய சந்திப்பில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அப்பா பிரேக் பிடித்தார். ஸ்கூட்டர் சறுக்கியது.

சுண்டுவுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். ஈரத் தார் ரோடு முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. தம்பி "அக்கா" என்று கத்தினான். பின்னால் வந்த ஒரு தண்ணீர் லாரி பெரிய சத்தத்தோடு நின்றது. அதன் சக்கரம் அவளிடமிருந்து இரண்டு கை நீளத்தில் இருந்தது. சக்கரம் தன்னைவிட உயரம் என்று நினைத்தாள்.

யாரோ ஒருவர் தன் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டார். அப்பாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. தம்பிக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. சுண்டுவின் தாடையிலிருந்து ரத்தம் சட்டைமேல் சொட்டியது.

அவசரப் பிரிவில் அம்மா யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகத் தட்டில் வைத்தார். ஓடி வரவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் வந்து, எல்லோரிடமும் கேட்கும் அதே குரலில், எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஆனால் சுண்டுவைத் தொட்ட கை பனிக்கட்டிபோல இருந்தது.

இன்னொரு நர்ஸ் மூன்று தையல் போட்டார். அதுவரை அம்மா அவள் கையை விடவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா வாசித்தார், சுண்டு கோடு போட்டாள். திங்கட்கிழமை வந்தபோது அம்மாவின் குரல் தயங்கியது.

"இருசக்கர வண்டி. பெண், வயசு பத்து. தாடையில மூணு தையல்."

சுண்டு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, இது நான்தான?"

"ஆமா."

சுண்டு தனக்கு ஒரு கோடு போட்டாள். அடுத்து தம்பிக்கு. அடுத்து அப்பாவுக்கு. எல்லாம் முடிந்து எண்ணியபோது அறுபத்துநாலு இருந்தது. பழைய தாள்களையும் எடுத்து வந்து, மேஜையில் வரிசையாக வைத்தாள். முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, அறுபத்துநாலு. அம்மா மூன்றையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

அம்மா அந்தப் பிரிவில் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார் என்று சுண்டு கேட்டாள். பன்னிரண்டு வருடம். இத்தனை வருடத்தில் ரயிலில் அடிபட்டு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்டாள். அம்மா யோசித்தார். ஓடிப்போய் ஏறும்போது விழுந்தவர்கள் சிலர். ஒருவருக்கு மேலே வைத்த பெட்டி காலில் விழுந்தது. அது அவருடைய பெட்டியேதான்.

"குண்டு வெடிச்சு?"

"ஒருத்தரும் இல்ல."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. சுண்டு இன்னும் இரண்டு கேள்வி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாம இல்ல சுண்டு" என்றார் அம்மா. "ரோட்டுல என்ன ஆனாலும் கடைசியில என்கிட்டதான் கொண்டு வருவாங்கன்னு ஒரு நெனப்பு. அந்தப் புகைக்குள்ள நீங்க இருந்தா நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

சுண்டு நாற்காலியை நகர்த்தி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கும் அந்தப் பதினோரு பேரை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. அதை எந்தத் தாளும் சரிசெய்யாது என்று தோன்றியது.

"பயமா இருந்தா இருக்கட்டும்மா" என்றாள். "பயத்தோடயே ஒரு நாள் எங்ககூட ரயில்ல வா. வியாழக்கிழமை உனக்கு லீவுதான?"

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம்தான் சொன்னார். அதற்குள் அப்பா, டிவி ரொம்பச் சூடாகிறது என்று சொல்லி அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். பிள்ளைகளுக்கு இரண்டு சின்ன ஹெல்மெட்டுகளும் வாங்கி வந்திருந்தார்.

தம்பி வியாழக்கிழமை தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறினான். எவ்வளவு சொல்லியும் கழற்றவில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்தார். அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் விறைப்பாக உட்கார்ந்து, ஏறுகிறவர்களின் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அவர்களும் அம்மாவின் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி கிளம்பியதும் தம்பி உரக்கக் கேட்டான். "அக்கா, இந்த ரயில் வெடிக்குமா?"

ஒருவர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். எல்லோரும் சுண்டுவைப் பார்த்தார்கள். அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வெடிக்கவே வெடிக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுடா. ஆனா நீ எத்தனை ரயிலுக்குக் கோடு போட்ட?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

"அத்தனையும் நல்லபடியா போய்ச் சேந்துச்சா, இல்லையா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? தெனமும் சாயங்காலம் நம்ம வீட்டைத் தாண்டிப் போச்சு. அவ்வளவுதான் பாத்தேன்."

செய்தித்தாள்காரர் சிரித்துவிட்டார். கதவோரம் பெயின்ட் வாளியோடு நின்ற ஒருவர் தம்பியின் ஹெல்மெட்டை மெதுவாகத் தட்டினார்.

"சாயங்காலம் அஞ்சே கால் வண்டியா தம்பி? அது போய்ச் சேந்துச்சு. நான் தினமும் அதுலதான் வீட்டுக்குப் போறேன்."

செய்தித்தாள்காரர், ஐந்தரை வண்டிக்குத் தான் பொறுப்பு என்றார். ஜன்னலோரம் இருந்த ஒரு டீச்சர், ஐந்து நாற்பது வண்டியும் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஒருநாள்கூட நேரத்துக்குப் போகவில்லை என்று புகார் சொன்னார். தம்பி அதற்குப் பலமாகத் தலையாட்டினான். பெட்டி முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று சுண்டு நினைத்தாள்.

நாலாவது நிலையம் தாண்டியபோது தோளில் கனமாக எதுவோ பட்டது. திரும்பிப் பார்த்தாள். அம்மா அவள்மேல் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். சுண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூட நிலையம் வந்ததும் எழுப்பினாள். அப்பா வண்டிக்குள் இருந்தபடியே கை காட்டிவிட்டுப் போனார். மூன்று பேரும் நடைமேடையில் நின்றார்கள். அம்மா இனி தனியாக வீடு திரும்ப வேண்டும். வெளியே போனால் பஸ் இருக்கிறது. மேம்பாலம் ஏறி எதிர்ப்பக்கம் போனால் ரயில். எதில் போகிறாய் என்று சுண்டு கேட்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினார். எதிர்ப்பக்கம் வந்து நின்ற ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வாசலில் இன்னும் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்ததும், மணி அடிக்கப்போகிறது, ஓடுங்கள் என்று கையை வீசினார்.

இரண்டு பேரும் ஓடினார்கள்.