கயிற்றின் அந்தப் பக்கம்

துளை உறைந்து கெட்டிப்பட்டிருக்க வேண்டும். ராவ்னாவை முதலில் உறுத்தியது அதுதான்.

மூச்சு விட்டால் இமைமுடியில் வந்து படிகிற இந்தக் குளிரில், ஏரியில் வெட்டிய எந்தத் துளையும் ஒரே இரவில் ஒரு சாண் கனத்துக்கு இறுகிவிடும். கடப்பாரையோடு மாரடித்தால்தான் தண்ணீர் முகம் காட்டும். அவள் வலையை இறக்கிவிட்டுப் போய் இரண்டு இரவு ஆகிவிட்டது. ஆனால் கடப்பாரையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதுமே பாலாடை விலகுவதுபோல மேல்தோல் விலகி, கறுத்த தண்ணீர் தளும்பியது. விளிம்பும் அவள் வெட்டியபடி இல்லை. கடப்பாரை வெட்டிய விளிம்பு கரடுமுரடாக இருக்கும். இது வழுவழுவென்று, யாரோ உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அகட்டியதுபோல இருந்தது. வலைக்கு வேண்டியதைவிடப் பெரிதாகவும் இருந்தது.

அடியில் நீரோட்டம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நீரோட்டம் அந்தப் பக்கத்து ஜலசந்தியில்தான், இந்தக் குடாவில் கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லிக்கொண்டாள்.

நண்பகல் நேரம்தான். ஆனாலும் இந்த வடகோடிக் குளிர்காலத்தில் சூரியன் வர இன்னும் வாரக்கணக்கு ஆகும். தெற்கே மரங்களின் தலைக்கு மேல் நீலச் சாயம் தோய்ந்த ஒரு கீற்று, அவ்வளவுதான் பகல். இனாரி ஏரி அந்த மங்கலில் கரை தெரியாமல் கிடந்தது. எங்கோ தொலைவில் பனி விரிசல் விட்டு, வயிறு சரியில்லாத மாடு போல நீளமாக முனகியது.

“அது என்னம்மா சத்தம்?” என்றார் தாப்பானி.

“ஏரி புரண்டு படுக்குது. பயப்படாதீங்க.”

“நான் ஏன் பயப்படறேன்? முப்பது வருஷம் தாம்பெரேல பஸ் ஓட்டுனவன். வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸுல கேக்காத முனகலா?”

வாய் ஓயாத மனிதர். பனி ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில், கலைமான் தோலுக்குள் கழுத்துவரை புதைந்து வந்தவர், வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். இஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மகள் பிறந்தநாளுக்குப் பரிசாக இந்தப் பயணத்தைப் பதிவு செய்து கொடுத்தாளாம். கூடவே வருவதாகச் சொன்னவள் வரவில்லை. அவள் பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறைகள் மட்டும் வந்திருக்கின்றன. அதை அவர் மூன்று தடவை சிரித்தபடி சொன்னார். சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது.

பொதுவாகச் சுற்றுலா வரும் விருந்தாளிகளை ராவ்னா ஊருக்கு எதிரே உள்ள தீவுகளுக்குத்தான் அழைத்துப்போவாள். அங்கே துளையிட்டு, குட்டைத் தூண்டிலைக் கையில் கொடுத்து, மீன் கடிக்கிறவரை கதை சொல்லி உட்காரவைப்பாள். இந்தக் குடாவுக்கு யாரும் வருவதில்லை. போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் கணவன் நீலாஸ் இங்கே, குடா ஜலசந்தியைச் சேரும் வாயில், பனி உடைந்து ஸ்கூட்டரோடு உள்ளே போனான். ஸ்கூட்டரைத் தூக்கிவிட்டார்கள். தொப்பி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. வசந்தத்தில் பனி கரைந்து, கோடை முழுக்கப் படகில் தேடியும் கிடைக்கவில்லை.

தண்ணீர் ஒருவனை எடுத்துக்கொண்டு திருப்பித் தராவிட்டால், தருகிறவரை அந்தப் பக்கம் வலை இறக்கக் கூடாது என்பது இந்தக் கரையில் எழுதாத சட்டம். அந்த மீன் யாருக்கும் தொண்டையில் இறங்காது என்பது ஒன்று. இன்னொன்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீலாஸின் சித்தப்பா மகன் யூஹான் மட்டும் ஒருநாள் சொன்னான். “அண்ணி, அண்ணன் வர்றப்ப வரட்டும். நாமளா கயிறு விட்டுக் கூப்பிடக் கூடாது.”

அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது மீன் இல்லை. மண்ணில் வைக்க ஓர் உடம்பு வேண்டும். மாதாகோயில் முற்றத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஞாயிறு தோறும் அந்த வெற்றுப் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படிப்பட்ட தனிமை என்று சொன்னால் யாருக்குப் புரியும்? வலையைத் தனியாக இறக்கிவிட்டாள். தனியாக இழுக்கத்தான் துணிவு வரவில்லை. ஊரில் ஒருவனும் இந்தக் குடாவில் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க மாட்டான். அதனால்தான் எதுவும் தெரியாத ஒரு பஸ் டிரைவரைக் கூட்டி வந்திருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கரையோரம் ஒரு பைன் கட்டையைப் பிளந்து தீ மூட்டி, காபிக் கெண்டியைத் தொங்கவிட்டு, கத்தியைக் கட்டையில் குத்தி வைத்தாள். பிறகு தாப்பானியைத் தூரத்துத் துளைக்கு நடத்திப்போனாள். வலை இந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே, பனிக்கு அடியில், நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துளையும் பாலாடைபோலத்தான் உடைந்தது.

வலையின் கோடியில் கட்டிய நீளக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். நான் அந்தப் பக்கம் வலையை வெளியே இழுப்பேன், நீங்கள் கயிற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருங்கள் என்றாள். மீனை எடுத்து முடித்ததும் நீங்கள் இழுத்தால் வலை திரும்ப அடியில் போய் விரிந்துகொள்ளும். காற்றில் குரல் கேட்காது, கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் விடு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் இந்தப் பக்கம் வா.

“நாலு இழுத்தா?”

“நாலு கிடையாது.”

“எங்க பஸ்லயும் நாலு கிடையாதும்மா. நாலு தடவை மணி அடிச்சா குடிகாரன்னு அர்த்தம்.”

அவரைச் சிரித்தபடி விட்டுவிட்டு, பக்கத்தில் லாந்தரையும் வைத்துவிட்டுத் தன் துளைக்குத் திரும்பினாள். கையுறையைக் கழற்றினாள். ஈர வலையை வெறுங்கையால்தான் பிடிக்க முடியும். வலையின் இந்தக் கோடியிலிருந்த சிறு கயிற்றை, எப்போதும் செய்வதுபோல, இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மரத்த விரலிலிருந்து வழுக்கி வலை மொத்தமும் உள்ளே போய்விடாமல் இருக்க இங்கே எல்லாரும் செய்வதுதான். மண்டியிட்டு, நெற்றி விளக்கைத் துளையின் மேல் சாய்த்து, ஒரு இழுப்பு இழுத்தாள்.

வலை வந்தது.

அவள் எதிர்பார்த்தபடி வரவில்லை. புது ஆள் கயிறு விட்டால் வெட்டி வெட்டி வரும், நடுவில் சிக்கும், சும்மா நிற்கும். இது வெண்ணெய்போல வந்தது. இரண்டு முழம், ஒரு நிறுத்தம். இரண்டு முழம், ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் அவள் மீனைக் கண்ணியிலிருந்து கழற்றிப் பக்கத்தில் எறிவதற்குச் சரியாக நேரம் இருந்தது. வெள்ளை மீன்கள் பனியில் விழுந்து இரண்டு துள்ளு துள்ளி விறைத்தன. ஒரு சிக்கல் இல்லை, ஒரு குச்சி, ஒரு பாசி இல்லை. அடியிலிருந்து யாரோ மடித்து மடித்துக் கையில் கொடுப்பதுபோல வந்தது.

பரவாயில்லையே பஸ் டிரைவர் என்று நினைத்தாள். அவர் பேச்சுச் சத்தமும் நின்றிருந்தது. காற்றும் நின்றிருந்தது. தண்ணீர் வலையிலிருந்து சொட்டுகிற ஓசை, பின்னால் எங்கோ விறகு வெடிக்கிற ஓசை, தன் மூச்சு, அவ்வளவுதான். அந்த அமைதியில் இரண்டு முழம், ஒரு நிறுத்தம் என்று வேலை ஓடியபோது அவளுக்கு ஒரு வருடமாக இல்லாத நிம்மதி வந்தது. கண்ணில் நீர் முட்டி, விழுவதற்குள் கன்னத்தில் உறைந்தது. ஏன் அழுகிறோம் என்று ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. அந்தத் தாளம் நீலாஸுடையது. இரண்டு முழம் விட்டு, விரலில் மூச்சை ஊதிக்கொண்டு, மறுபடி இரண்டு முழம். இருபது குளிர்காலம் அவள் அந்தத் தாளத்தில்தான் வலை இழுத்திருக்கிறாள்.

வலை முழுதும் வந்து காலடியில் குவிந்தது. ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தாள். மீன் மட்டும்தான். அவன் இல்லை. ஒரு துணி, ஒரு பொத்தான்கூட இல்லை. நெஞ்சு வெறிச்சோடிப் போனது. இன்றும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கப் போகிறது.

இரண்டு இழுப்பு இழுத்தாள். நிறுத்து.

மறுமுனை நின்றது. பிறகு பதில் வந்தது. நீளமாக ஒரு இழுப்பு, குட்டியாக இரண்டு.

அவள் கை அப்படியே நின்றது.

அதை அவள் தாப்பானிக்குச் சொல்லித் தரவில்லை. யாருக்கும் சொன்னதில்லை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் நீலாஸ் விளையாட்டாகத் தொடங்கியது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. போதும் ராவ்னா, காபியைப் போடு என்று அர்த்தம்.

தற்செயலாக இருக்கும். கை நடுங்கியிருக்கும், பாவம் வயதானவர். கயிறு மறுபடி அசைந்தது. நீளமாக ஒன்று. குட்டியாக இரண்டு.

“காபி கொதிச்சிருச்சும்மா” என்றார் தாப்பானி.

குரல் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் மெல்லத் திரும்பினாள். தீயின் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் அவள் கத்தி. இங்கத்து வழக்கப்படி காபியில் போடுவதற்குப் பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க... எப்ப வந்தீங்க?”

“அப்பவே வந்துட்டேன். விரல் விறைச்சுப் போச்சு. உன் கத்தியை எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதே.”

“கயிறு? கயிறை யார்கிட்ட விட்டீங்க?”

“உங்க ஆள் வந்து வாங்கிக்கிட்டாரே” என்றார் அவர் சாதாரணமாக. “இன்னொரு ஆள் வர்றார்னு நீ சொல்லவே இல்லையே. நல்ல மனுஷன், வாயே திறக்கலே. ஆனா என்னம்மா, தொப்பிகூட இல்லாம, தொப்பலா நனைஞ்சு நிக்கிறார்? பாக்கவே சகிக்கலே. என் கையுறையைக் கழட்டிக் குடுத்துட்டேன்.”

அவர் கைகளைத் தூக்கிக் காட்டினார். வெறும் கைகள்.

தூரத்துத் துளையின் அருகே லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் வட்டம் பனியில் அசையாமல் கிடந்தது. வட்டத்துக்குள் யாரும் இல்லை. வெளியேயும் இல்லை. மறைந்து நிற்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி.

இத்தனை வருட வழிகாட்டிப் பழக்கம் அவள் வாயைப் பேசவைத்தது. விருந்தாளி முதலில் கரையேற வேண்டும். உண்மையை மறைத்து அழைத்து வந்ததற்கு அதையாவது செய்ய வேண்டும்.

“தாப்பானி, ஸ்கூட்டர்கிட்ட போங்க. இஞ்சினை முடுக்கிவிட்டுட்டு உக்காருங்க. ஊர் பக்கம் பார்த்து உக்காருங்க. நான் வந்து தோளைத் தொடறவரைக்கும், என்ன கேட்டாலும் திரும்பாதீங்க. இது விளையாட்டு இல்லே.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து, கத்தியைக் கையிலேயே பிடித்தபடி, வேகமாக நடந்தார். இஞ்சின் இருமி, உறுமி, குடா முழுக்க நிறைந்தது.

அவள் எழுந்தாள். ஓடுவதற்காகத்தான் எழுந்தாள். இடுப்பில் ஏதோ வெடுக்கென்று பிடித்தது.

கீழே பார்த்தாள்.

காலடியில் குவிந்திருந்த வலை நகர்ந்துகொண்டிருந்தது. மடிப்பு மடிப்பாக, சரசரவென்று, துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முழம், ஒரு நிறுத்தம். இரண்டு முழம். மீனை எடுத்து முடித்ததும் மறுபக்கம் வலையைத் திரும்ப இழுக்க வேண்டும். அதுதானே வேலை. வேலை தெரிந்தவன் செய்கிறான்.

அந்த வலையின் கோடி அவள் இடுப்பில் இருந்தது.

முடிச்சைப் பற்றினாள். ஈரக் கயிறு கல்லாக உறைந்திருந்தது. நகம் மடங்கியது. பல்லால் கடித்தாள். உதடு கயிற்றில் ஒட்டிக் கிழிந்தது. கத்திக்காகக் கண் கட்டையை நோக்கிப் போய், அங்கே கத்தி இல்லை என்று நினைவு வந்தது.

“தாப்பானி!”

சிவந்த பின்விளக்கு. உறுமல். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்தபடி, சொன்ன சொல் தட்டாமல் உட்கார்ந்திருந்தார் அவர்.

“தாப்பானி! கத்தி!”

திரும்பவில்லை.

குவியல் பாதியானது. கடப்பாரை எட்டும் தூரத்தில் இல்லை. வலையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். விரல்களில் உயிர் இல்லை. நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. குதிகாலைப் பனியில் ஊன்றினாள். பனி வழுவழுவென்றிருந்தது. யாரோ தேய்த்து வைத்ததுபோல.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த இரண்டு இரவும் துளையை உறையவிடாமல் காத்தவன் வீடு திரும்புவதற்காகக் காக்கவில்லை. திரும்ப நினைத்திருந்தால் திரும்பியிருப்பான். அவள் இங்கே தனியாக இருந்ததுபோல, அவனும் அங்கே தனியாகத்தான் இருந்திருக்கிறான்.

கடைசி மடிப்பு உள்ளே போனது. கயிறு விறைத்து நின்றது. இடுப்பிலிருந்து நேராகத் துளைக்குள்.

ஓர் இழுப்பு.

இரண்டு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்து. இரண்டு என்றால் நிறுத்து.

மூன்று.

கறுத்த தண்ணீர் சத்தமில்லாமல் பிளந்தது. சிவப்புக் கையுறை போட்ட ஒரு கை மேலே வந்து, துளையின் விளிம்பில், உள்ளங்கை வானம் பார்க்க, அமைதியாகப் படிந்தது. சறுக்குவண்டியிலிருந்து அவள் இறங்கும்போதெல்லாம் தாங்கிக்கொள்ள நீலாஸ் நீட்டுவானே, அதேபோல. அவசரமே இல்லாமல் அது காத்திருந்தது.