எட்டுக் குழாய்கள்

2005 மார்ச் 14, திங்கட்கிழமை. காலை 7.40.

கலங்களை உறைநிலையில் வைக்கும் திரவ நைதரசன் தொட்டியின் மூடியைத் திறக்கும்போது, சுவரோரம் சாய்ந்திருந்த மெல்லிய கம்பியில் சிவாஜினியின் முழங்கை இடித்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டு, ஆறு தட்டுள்ள தாங்கியை மேலே தூக்கினாள். வெண்புகை கலைந்தது. கடைசித் தட்டு வெறுமையாக இருந்தது.

அங்கே உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். உள்ளே உறைந்த கலங்கள் அடங்கிய எட்டுச் சிறு குழாய்கள். அடிபட்ட மூளையில் உறங்கிக் கிடக்கும் மூலக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், விழித்துக் காயத்தை நோக்கி நகர்கின்றன என்று காட்ட, அவளும் கணவன் ஆரூரனும் எட்டு வருடம் உழைத்தார்கள். போன ஒக்டோபரில் ஆரூரன் இறந்துபோனான். அவன் கையால் உறையவைத்த கடைசிக் கலங்கள் அவை. அவை இல்லாமல் பரிசோதனையைத் திரும்பச் செய்து காட்ட முடியாது. காட்டாவிட்டால் மே மாதத்தோடு ஆய்வுகூடத்துக்குப் பூட்டு.

8.15. கட்டடக் காவலர் பத்திநாதர் வந்தார். மன்னாரில் பதினெட்டு வருடம் பொலிசில் இருந்தவர். இப்போது இந்த டவுன்டவுன் கட்டடத்தின் வாசல் மேசையில் இருந்து வருகிறவர் போகிறவரிடம் கையெழுத்து வாங்குகிறார்.

சிவாஜினி ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னாள். உதவியாளர் மெலனி வெள்ளி பின்னேரம் 5.20க்கு குளிர் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு வெளியே போயிருக்கிறாள். ரொறன்ரோவில் வேறொரு ஆய்வுகூடம் அவளை வேலைக்குக் கூப்பிட்டும் இருக்கிறது. நிர்வாகத்துக்கு அனுப்பும் கடிதம் பாதி எழுதியாகிவிட்டது.

பத்திநாதர் மெலனியைக் கூப்பிட்டார்.

"பெட்டிக்குள்ள என்ன, பிள்ளை?"

"ஒண்டுமில்லை, அங்கிள். வெறும் பெட்டி. தவக்கால வெள்ளியெல்லே, இறைச்சி இல்லை. மீன் வாங்கப் போனனான்."

"எங்க?"

"வில்லரே மீன்கடையில. ரெண்டு விளைமீன். பழசாம் எண்டு அம்மா இன்னும் பேசிறா."

"அதுக்கு நான் வழக்கெடுக்கேலாது."

மெலனி சிரிக்கவில்லை. சிவாஜினியின் பக்கம் திரும்பினாள். "நான் எடுக்கேல்லை, டொக்டர்."

நாலு வருடமாக அக்கா என்று கூப்பிட்ட வாய்.

9.10. தொட்டியில் தொங்கிய கொப்பியைப் பத்திநாதர் புரட்டினார். அது என்ன கணக்கு என்று கேட்டதற்கு மெலனி விளக்கினாள். புதன்தோறும் நைதரசன் நிரப்புவார்கள். புதன், வெள்ளி, திங்களில் மரக்கோலை அடி முட்ட இறக்கி எடுப்பார்கள். எவ்வளவு உயரத்துக்கு வெண்பனி பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்கு நைதரசன் இருக்கிறது. நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர் குறையும்.

புதன் 40. வெள்ளி காலை 33.

ஏழு குறைந்திருந்தது. தொட்டி ஒழுகுகிறதோ என்று மெலனி அன்றே ஒரு துண்டு எழுதி சிவாஜினியின் மேசையில் வைத்திருக்கிறாள். துண்டு அங்கேயே கிடந்தது, யாரும் வாசிக்காமல்.

"இப்ப அளந்து பாரும், பிள்ளை."

30.

"ஒழுகிற தொட்டியெண்டால் மூண்டு நாளில குறைஞ்சது பத்து இறங்கியிருக்கும். இது மூண்டுதான்." பத்திநாதர் கொப்பியை மூடினார். "டொக்டர், அந்தப் பெட்டி என்ன உயரம்?"

"அஞ்சு சென்ரிமீற்றர்…" சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவாஜினியின் குரல் இறங்கியது.

"கோல் அடியில முட்டேல்லை. பெட்டிக்கு மேல நிக்குது. ரெண்டு நாளுக்கு ரெண்டு, பெட்டிக்கு அஞ்சு, அதுதான் அந்த ஏழு. வெள்ளி காலமைக்கு முதலே பெட்டி உள்ளுக்கு விழுந்திட்டுது." அவர் சுவரோரக் கம்பியை எடுத்து நீட்டினார். "தட்டில இருக்கிற பெட்டியள் சரியாமல் தாங்கியில குத்திற கம்பி இதுதானே? வியாழக்கிழமை இதை உருவினது ஆர்?"

சிவாஜினி கம்பியைக் கையில் வாங்கினாள். ஆரூரன் கண்மூடியது ஒரு வியாழக்கிழமை. வியாழன்தோறும் அவள் அந்தப் பெட்டியை வெளியே எடுத்து, மூடியில் இருக்கும் அவன் கையெழுத்தை வாசித்துவிட்டு, திரும்ப வைப்பாள். வேறு தேவை எதுவும் இல்லை.

"நீங்கள்தான், டொக்டர்," என்றார் பத்திநாதர் மெதுவாக. "வியாழனில நீங்கள் கண் சிவந்துதான் கீழ வாறனீங்கள். வாசல்ல இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமே? போன கிழமை கம்பியைக் குத்த மறந்துபோனியள். தாங்கியை இறக்கேக்க பெட்டி புகைக்குள்ள சரிஞ்சிட்டுது."

10.05. நீளக் குறடோடு மெலனி குனிந்தாள். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் பெட்டி புகை சொரிய மேலே வந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. எட்டுக் குழாய்களும் இருந்தன. நான்கு நாளும் நைதரசனுக்குள்ளேயே கிடந்ததால் கலங்களுக்கு ஒரு சேதமும் இராது.

சிவாஜினி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"மெலனி, உம்மைக் கள்ளி எண்டு எழுதிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

மெலனி பெட்டியைத் தட்டில் வைத்தாள். கம்பியைக் குத்தினாள், ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். தாங்கியை இறக்கிவிட்டு, மரக்கோலை அடி முட்ட விட்டு எடுத்து, பனி பிடித்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு, அக்கா."