பின் இடப்பக்கக் கண்ணாடி

இரவு முழுக்கக் கொட்டின ஸ்னோ காரின் கூரையிலும் மூக்கிலும் முன் கண்ணாடியிலும் கதவுப் பிடிகளிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. பின் இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

சிவநேசம் பிரஷும் கையுமாக நின்று அதையே பார்த்தார். சரிந்து விழுந்திருந்தால் கீழே குவியல் இருக்க வேண்டும். இல்லை. உருகி ஓடியிருக்கிறது. ஓடின தண்ணீர் கதவு நீளத்துக்கு வடிந்து, கயிறு மாதிரி உறைந்து தொங்கியது. கண்ணாடிக்கு உட்பக்கம் வெண்மையாக ஆவி பிடித்திருந்தது, இரவு பஸ்ஸில் ஆரோ தலையைச் சாய்த்து நித்திரை கொண்டுவிட்டு இறங்கின யன்னல் போல.

கதவைத் திறந்தார். நனைந்த கம்பளித் தொப்பியை ஹீற்றருக்கு மேல் காயப் போட்டால் வருமே, அந்த மணம். கையுறையைக் கழற்றிச் சீற்றில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடு இல்லை. மனிசர் எழும்பிப் போன கதிரையின் சூடு.

கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தார்.

முப்பது வருசம் மொன்றியல் நகரத்துக்குள்ளே ஒரு ரெஸ்ரோரன்ற்றின் பின்பக்கம் கோப்பை கழுவினவர் சிவநேசம். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஆனால் ஒருத்தன் 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கத் தெரியும். பதினொரு நாளைக்கு முன் லவாலில் இந்தக் கரண்ட் காரை விற்றவன் அதை மூன்று தரம் சொன்னான்.

வாங்கியது மருமகன் பிரணவன். அமெரிக்காவிலிருந்து வந்த கார். அங்கே விற்ற கொம்பனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்று உரிமைப் பத்திரத்திலேயே அச்சடித்திருந்தது.

"வித்தவனே திருப்பி வாங்கினதெண்டா ஏன் வாங்கினவன்?" என்று சிவநேசம் அன்றைக்கே கேட்டார்.

"அங்க அப்பிடி ஒரு சட்டம், மாமா. ஒரே பிழைக்கு நாலஞ்சு தரம் கராஜுக்குப் போனா கொம்பனி திருப்பி எடுக்கோணும். பேந்து திருத்தி மலிவா விக்கிறாங்கள். ஒளிச்சு வைக்கேல்லையே."

"என்ன பிழையாம்?"

"சென்சராம்."

"எந்தச் சென்சர்?"

"அது திருத்தியாச்சு, மாமா."

"என்ன பிழையெண்டு தெரியாது. திருத்தினது மட்டும் தெரியும். நல்ல கதை."

மகள் ஜெயனி சிரித்தாள். "அப்பாவுக்கு விட்டா புதுக் காரிலயும் பிழை பிடிப்பார். கோயில்ல பூசை செய்து நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சாச் சரி."

வைத்தார்கள். மூன்று நசிந்தன. பின் இடப்பக்கச் சில்லுக்கு வைத்தது நசியாமல் உருண்டு போய் ஸ்னோவுக்குள் மஞ்சளாகக் கிடந்தது. ஐயரும் பார்க்கவில்லை, பிரணவனும் பார்க்கவில்லை. சிவநேசம் பார்த்தார். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஜெயனிக்கு ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை. பிரணவனுக்கு டொர்வலில் கிடங்கு வேலை. உள்ளே போனால் ஃபோனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். நாலு வயதுப் பேத்தி நிருஷாவை ஒவ்வொரு நாளும் கார்டெரியிலிருந்து, பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்திலிருந்து, கூட்டிக்கொண்டு வருகிறவர் சிவநேசம். அவளுடைய சின்ன இருக்கை பின்சீற்றின் வலப்பக்கம் பூட்டியிருந்தது. இந்தக் காரில்.

சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் ஒரு பெட்டி தக்காளி வாங்கிப் பின் இடப்பக்கம் வைத்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் பெட்டி கீழே, கால் வைக்கிற இடத்தில் இருந்தது. விழுந்த பெட்டி என்றால் தக்காளி சிதறும். ஒன்றும் சிதறவில்லை. பெட்டி நேராக இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று ஆரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி.

இன்றைக்கு இந்தக் கண்ணாடி.

பின்னேரம் பிரணவன் தானே காரின் கதையை எடுத்தான். ஒவ்வொரு இரவும் நிற்கிற இடத்திலேயே பற்றறி இறங்குகிறதாம். ஃபோனைக் காட்டினான்.

"இதுதான், மாமா, அந்தச் சென்சர். பிள்ளையளை மறந்து உள்ளுக்க விட்டிட்டா, மூச்சு விடுறதைப் பிடிச்சு கார் தானா ஹீற்றரைப் போடும். இது ஆளில்லாமலே ஆளிருக்கெண்டு நினைச்சு விடிய விடிய எரிக்குது."

"ஆளில்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

பிரணவன் அவரைப் பார்த்தான். பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

சிவநேசமும் அதை அதற்கு மேல் இழுக்கவில்லை. அவருக்குள் வேறொரு கோபம் எழும்பியிருந்தது. பார்க் எக்ஸ்ரென்சனில் மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்த காலத்திலிருந்து, ஆளில்லாத அறையில் ஹீற்றர் எரிந்தால் அவருக்குப் பொறுக்காது. இந்த வீட்டிலும் படுக்கப் போக முன் அறை அறையாகப் போய்க் குறைத்துவிட்டுத்தான் படுப்பார்.

"அப்ப நிப்பாட்டு அதை. இப்பவே நிப்பாட்டு. நான் பாக்க நிப்பாட்டு."

பிரணவன் ஃபோனில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். "சரி, மாமா. முடிஞ்சுது."

அன்றிரவு குளிர் சைபருக்குக் கீழே இருபத்தாறுக்குப் போனது.

காலையில் பின் இடப்பக்கக் கண்ணாடி மற்றக் கண்ணாடிகளைப் போலவே வெள்ளையாக இருந்தது. சிவநேசத்துக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. பிரஷால் ஒரு இழுப்பு இழுத்தார். ஸ்னோ போய்விட்டது. ஆனால் வெள்ளை போகவில்லை. பனி உள்ளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பனியில் மேலிருந்து கீழே கீறல்கள். நாலு. பக்கத்தில் இன்னும் நாலு. கிட்டக் கிட்ட, மெல்லிசாக, நகத்தால் கிழித்த மாதிரி.

வெளியிலிருந்து தன் விரல்களை அதன் மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு விரலுக்குள் நாலு கீறலும் அடங்கின.

நிருஷாவைக் காலையில் கொண்டுபோய் விட்டது ஜெயனி, பஸ்ஸில். குளிருக்குள் ஏன் பஸ் என்று அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனாள். காரைத் தொடக் கூடாது என்று சிவநேசம் வாசலில் குறுக்கே நின்றிருந்தார்.

காரின் முன் லாச்சிக்குள், கையேட்டுக்கு அடியில், மடித்த தாள்கள் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த மகேந்திரராசாவிடம் நடந்தார். மகேந்திரராசா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு கார் ஓட்டுவதில்லை. தாளை மட்டும் மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வீட்டில் ஆள் அகப்பட்டார்.

"இதென்ன, கராஜுக்குப் போன கணக்கோ? உனக்கு ஏன் உந்த வேலை, நேசம்?"

"வாசி, அண்ணை."

"முதல் தரம். நிக்கேக்க பற்றறி இறங்குது. பிழை காணேல்லை. ரெண்டாம் தரம். ஆளில்லாத சீற்றில ஆள் இருக்கெண்டு ஸ்கிறீன் காட்டுது. சென்சர் மாத்தினது. மூண்டாம் தரம், அதே பிழை. சீற்றையே மாத்தினது." தாளைத் திருப்பினார். "நாலாம் தரம். ஹீற்றர் தானாப் போடுறதை நிப்பாட்டிக் குடுத்தது."

"பேந்து?"

"ரெண்டு நாளால, முந்திக் காரை வச்சிருந்த ஆக்கள் திரும்பி வந்திருக்கினம். மனிசி ஒண்டு சொல்லியிருக்கு. நிப்பாட்டினாப் பிறகு காருக்குள்ள தன்ர பிள்ளைக்குக் குளிருதாம். எவ்வளவு சூடு விட்டாலும் குளிருதாம். பெரியாக்களுக்கு இல்லையாம், பிள்ளைக்கு மட்டும்தானாம்." மகேந்திரராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழை காணேல்லை எண்டு எழுதியிருக்கு."

"கடைசித் தாள்?"

"காரை விட்டிட்டுப் போட்டினம். பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு இதில எழுதச் சொல்லி மனிசி கேட்டவவாம். அது கார்ப் பிழை இல்லை, எழுத ஏலாதெண்டு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

சிவநேசம் தாள்களை வாங்கி மடித்தார்.

பிரணவனுக்கு ஃபோன் எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயனிக்கு எடுத்தார். பதிவு வைக்கச் சொல்லி ஒரு பெண் குரல். ராக்சிக்கு எடுத்தார், முக்கால் மணித்தியாலம் என்றார்கள். பஸ் தரிப்பில் போய் நின்றார். நாலரைக்கே இருட்டிவிட்டது. தெரு விளக்குகளின் கீழே ஸ்னோத் தூள் புகையாகப் பறந்தது. பஸ் வரவில்லை. குளிரில் கண்ணிமை ஒட்டியது. அப்போது கார்டெரியிலிருந்து ஃபோன் வந்தது. பிள்ளைகளைப் பார்க்கிற மதாம் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், நிருஷா ஜக்கெற் போட்டபடி நிற்கிறாள்.

திரும்பி வீட்டுக்கு நடந்தார். காரில் ஏறினார்.

பத்து நிமிசம். பத்தே நிமிசம். ஹீற்றரை இருபத்தெட்டில் வைத்தார். பின்னுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிருஷா ஊதா ஜக்கெற்றுக்குள் உருண்டையாக ஓடி வந்தாள். அவளை வலப்பக்க இருக்கையில் வைத்து, பெல்ற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கன்னம் சூடாக இருந்தது. மூக்கு ஒழுகியது.

"அம்மப்பா லேட். மதாம் அழுதிட்டா."

"மதாம் அழுதவவோ, நீ அழுதனியோ?"

"மதாம்தான்," என்றாள். சிரித்தாள். சிரிப்போடு வாயிலிருந்து வெண்புகை வந்தது.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. பழைய கார் என்றால் இரையும். இது இரையாது. ஸ்னோ சில்லுக்குள் நெரிபடுகிற சத்தம் மட்டும். ஸ்கிறீனின் மூலையில் சீற்றுகள் சின்னப் படமாகத் தெரிந்தன. ஆளிருக்கும் சீற்றில் ஒரு வெள்ளை உருவம் வரும். முன்னுக்கு அவர். பின்னுக்கு வலப்பக்கம் நிருஷா. அவருக்கு நேர் பின்னால், இடப்பக்கம், சிவப்பாக ஒன்று. பெல்ற் போடாத ஆள்.

டிங். டிங். டிங்.

மழைக்குள் நின்று நனைகிறவன் போல அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஆற்றங்கரை வீதியில் வீடுகள் விலகி விலகி இருந்தன. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் வலப்பக்கம் நிருஷா தெரிந்தாள். இடப்பக்கம் தெரியாது. அவர் தலை மறைத்தது.

கிளிக்.

டிங் நின்றது.

ஸ்கிறீனில் சிவப்பு வெள்ளையானது.

"நிருஷாக் குஞ்சு. நீ கையை நீட்டினனியோ?"

"இல்லை."

"பக்கத்துச் சீற்றைத் தொட்டனியோ?"

"அம்மப்பா, குளிருது."

ஹீற்றர் இரைந்தது. அவர் நெற்றியில் வியர்வை. முப்பதுக்குக் கூட்டினார்.

"இப்ப?"

"குளிருது."

"வந்திட்டம். அந்தச் சிக்னல்தான்."

"அம்மப்பா. கை குளிருது."

அவர் பிடரியில் ஏதோ பட்டது. சூடாக. ஈரமாக. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். நனைந்த கம்பளி மணம்.

சிக்னல் சிவப்பு. நிற்கவில்லை. போனார்.

"நிருஷா, கதை. அம்மப்பாவோட கதை. இண்டைக்கு என்ன பாட்டுப் படிச்சனீங்கள்?"

ஹீற்றர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நிருஷா."

ஸ்கிறீனைப் பார்த்தார். முன்னுக்கு ஒன்று. பின்னுக்கு ஒன்று.

வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

கண்ணாடியைப் பார்த்தார். நிருஷா இருந்தாள். ஊதா ஜக்கெற். பெல்ற். கண் திறந்தபடி. கார் சொன்னது அங்கே ஆளில்லை என்று.

ஓரங்கட்டினார். சில்லு குவியலில் ஏறி நின்றது. இறங்கினார். வழுக்கினார். முழங்கால் அடிபட்டது. காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிப் போய் வலப்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து சூடு முகத்தில் அறைந்தது.

அவள் கன்னத்தில் கையை வைத்தார்.

இரும்பு.

"பிள்ளை. என்ர குஞ்சு."

அவர் வாயிலிருந்து புகை வந்தது. அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதிலிருந்து வரவில்லை.

மற்றப் பக்கச் சீற்றில் பெல்ற் இறுகி நின்றது. உள்ளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைச் சுற்றி இறுகி நின்றது. அதற்கு மேலே, ஒரு பிள்ளையின் வாய் உயரத்தில், சின்னதாக ஒரு வெண்புகை. கரைந்தது. திரும்ப வந்தது.

"அம்மப்பா," என்றது நிருஷாவின் குரல், அந்தப் பக்கத்திலிருந்து. "கதவைச் சாத்துங்கோ. குளிருது."