கடிகாரத்துக்கு ஏது தொண்டை?

"சார், என் குரல் காணாமப் போயிட்டிருக்கு."

உள்ளே வந்து உட்கார்ந்ததும் மருந்துக்கடைக்கார அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

நகையைக் காணோம், ஆளைக் காணோம் என்று வருகிறவர்களையே பார்த்துப் பழகியவர் நிதானம். காப்பீட்டுக் கம்பெனியில் புளுகுகளைத் துருவிக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர்; எதற்கும் பதறாததால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அவருக்கும் சேர்த்துப் பதறியவன் அவர் மச்சான்தான். இசைக்கருவிக் கடையில் வேலை பார்க்கிறான். அந்த அம்மாவுக்கு மைக்கையும் ஹெட்போனையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, வீட்டுக்கே போய் மாட்டிவிட்டு வந்தவன் அவனே. மானப் பிரச்சினை!

"தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. அப்புறம் பாடவே பயம். இந்தத் தம்பி மைக் மாட்டிக் கொடுத்ததும் மெதுவா ஆரம்பிச்சேன். நல்லாத்தான் வந்துச்சு. குரல் திரும்பிடுச்சுன்னு குதிச்சேன் சார். இப்ப கொஞ்ச நாளா எது பாடினாலும் கிணத்துக்குள்ளேர்ந்து கேக்கற மாதிரி இருக்கு. எங்க பாட்டுக் குழுவுக்கு இன்னைக்கு ஒரு பாட்டு அனுப்பணும். குரல் போயிடுச்சுன்னா சொல்லிடுங்க. மைக்கை வித்துட்டு வாயை மூடிக்கறேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

"வீட்டுல வேற யாரு?" என்று மச்சான் மூக்கை நுழைத்தான்.

"அவர் மட்டும்தான். படத்துக்கெல்லாம் சட்டம் போடற கடை வச்சிருக்கார். என் பாட்டைப் பத்தி நல்லதும் சொல்லமாட்டார், கெட்டதும் சொல்லமாட்டார்."

மச்சான் நிதானத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனைப் பொறுத்தவரை குற்றவாளி கிடைத்தாயிற்று.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். பாடும் அறை பளிச்சென்று இருந்தது. சுவரில் மாட்டிய படங்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. மேசை விளக்கு, கல்யாணப் போட்டோ, அலமாரியில் இருந்த பொம்மை, எல்லாம் வாசலைப் பார்த்து இருந்தன. நடுவில் மைக். அதற்கும் பாடுகிறவருக்கும் இடையில், மூச்சுக்காற்று மோதாமல் இருக்க ஒரு வட்டத் துணித் திரை. ஒருக்களித்த கதவுக்கு அப்பால் கூடத்தில் பழைய சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, கையில் துடைக்கும் துணியோடு அவள் கணவர், படச்சட்டக்காரர், திருதிருவென்று விழித்தபடி நின்றார்.

மச்சான் வயரை ஆட்டிப் பார்த்தான். ஒலி அளவுத் திருகை யாரும் தொடக்கூடாது என்று அன்றைக்கு அவன் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. "அத்தான், இன்னும் பெரிய மைக்கா மாத்திடலாமா?"

"கொஞ்சம் சும்மா இரு மாப்ள."

நிதானம் முதலில், மைக் வந்த புதிதில் அவள் பாடிப் பதிந்த பாட்டைப் போடச் சொன்னார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல் இருந்தது. அடுத்தது இன்று காலையில் பாடியது. குரல் எங்கோ தூரத்தில். கடிகாரமோ டிக் டிக்கென்று துல்லியமாக. கூடவே மரத்தில் விரலால் தட்டும் ஓசை.

"பாத்தீங்களா! யாரோ வேணும்னே தட்டியிருக்காங்க!" என்று மச்சான் துள்ளினான். சட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நிதானம் அந்த அம்மாவிடம் கேட்டார்: "முன்னாடி பாடினப்ப இந்தக் கடிகாரம் ஓடலையா?"

"அது என்னைக்கும் ஓடும் சார்."

"அப்ப உங்க தொண்டைக்கு ஒண்ணுமில்லம்மா. குரல் சின்னதாச்சு, சரி. கடிகாரம் ஏன் பெரிசாச்சு? ஆபரேஷன் உங்களுக்குத்தானே, அதுக்கு ஏது தொண்டை? திருகையும் யாரும் தொடல. மைக் உங்களை விட்டுட்டுக் கதவைக் கேக்குது. மாப்ள, இதுக்கு முகம் எது?"

"கம்பெனி பேர் போட்டிருக்கற பக்கம். முதுகுப் பக்கம் பாதி செவிடு." சொல்லிக்கொண்டே மச்சான் திரையை விலக்கினான். தூக்கிவாரிப் போட்டது. பெயர் வாசல் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது, பாடுகிறவருக்கு முதுகுதான். விற்ற சந்தோஷத்தில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்ல மறந்திருந்தான்.

"இந்த அறையில எல்லாமே வாசலைப் பாக்குது," என்றார் நிதானம். "படம் மாட்டிப் பழகின கை. உள்ள வர்றவங்களுக்கு முகம் தெரியாம எதையும் வைக்க அந்தக் கைக்கு வராது."

சட்டக்காரர் வாய் திறந்தார். "ஒட்டடை அடிச்சப்ப நான்தான் துடைச்சேன். பேர் மறைஞ்சிருந்துச்சு. தெரியட்டுமேன்னு திருப்பி வச்சேன்."

"அப்ப தட்டினது?" மச்சான் விடவில்லை.

"கெடுக்க நினைக்கறவன் தாளம் பிசகாமத் தட்டுவானா மாப்ள?"

சட்டக்காரரின் முகம் சிவந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "தினமும் கதவோரமா உக்காந்து கேப்பேன். உள்ள வந்தா நீ கூச்சப்பட்டு நிறுத்திடுவியோன்னு பயம். ஆபரேஷனுக்கப்புறம் நீ இனிமே பாடவே மாட்டேன்னு நினைச்சிருந்தேன்..."

அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து மைக்கின் முதுகுப் பக்கம், தனக்கு எதிரே போட்டாள். "இந்தப் பக்கம்தான் செவிடாமே. இங்க உக்காந்து தட்டுங்க."

பாடினாள். திரும்பக் கேட்டபோது குரல் பழையபடி பக்கத்தில் வந்துவிட்டது. குழுவுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மச்சானுக்கும் போன உயிர் திரும்பியது. இந்த அளவுக்காவது உதவியாக இருப்போம் என்று, காலையில் கெட்டுப்போன பாட்டை அழிக்கப் போனான்.

அவள் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். "ஐயோ, அதைத் தொடாதீங்க தம்பி. அதுல அவர் இருக்கார்."